முன்னாட் படைவீரரின் வீடின்மை: 1932ஆம் ஆண்டு வாஷிங்டன் நிகழ்ச்சிகளை முன்வைத்து ஒரு நோக்கு

பண்டைத் தமிழர் போரிலே வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டி வழிபட்டனர். அக்கல் நாட்டும் முறையின் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. தமிழர் மட்டுமன்றி உலகின் பல்வேறு இனத்தவரும் இறந்த வீரரை நினைவுகூரும் மரபினை ஏதோவொரு வகையிற் பேணியே வந்துள்ளனர். இறந்தவன் கூலி கேட்பதில்லை. அவனுக்கு உறையுளும் வேண்டியதில்லை. ஆனால், உயிரோடு மீண்டவனின் நிலை வேறு. அவனுக்கு உணவு வேண்டும், தொழில் வேண்டும், மழைக்கும் பனிக்கும் ஒதுங்க ஒரு கூரை வேண்டும். இவற்றுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவை ஒவ்வொரு போரின் முடிவிலும் சமுதாயங்கள் எதிர்நோக்கியுள்ளன. அவ்வினாவுக்கு வரலாற்றிலே கிடைத்த விடைகள் சிலவற்றை, சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவில் 1932ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றை, ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடனும் கருணையும் குற்றமும்

போர் முடிந்து திரும்பிய வறிய வீரனைச் சமுதாயம் மூன்று கோணங்களில் நோக்கியுள்ளது எனலாம். அவனுக்குத் தான் கடன்பட்டிருப்பதாகக் கருதுவது ஒன்று. அவனைக் கருணைக்குரியவனாகக் கருதுவது மற்றொன்று. அவனைக் குற்றவாளியாகக் கருதுவது பிறிதொன்று. எக்கோணம் எப்போது மேலோங்கியது என்பதை அவ்வீரனின் தகுதி தீர்மானிக்கவில்லை. அரசின் தேவையும் அச்சமுமே அதனைத் தீர்மானித்தன.

உரோம வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். கி.மு. 133இல் திபேரியஸ் கிராக்கஸ் கொண்டுவந்த நிலச்சட்டத்தின் பின்னணியில், நாட்டுக்காகப் போரிட்டவர் நிலமும் வீடுமின்றி அலைகின்றனர் என்ற முறைப்பாடு இருந்தது. அச்சீர்திருத்தத்தின் பொருட்டு அவர் கொல்லப்பட்டார். பின்னர் நிலமற்றோரும் பெருமளவிற் படையிற் சேர்க்கப்பட்டனர். குடியரசு அவர்களுக்கு ஒழுங்கான ஏற்பாடெதனையும் செய்யாமையால், நிலம் தருவதாக வாக்களித்த தளபதிகளின் பின்னே அவர்கள் சென்றனர். குடியரசு வீழ்ந்தமைக்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. இதனை நன்குணர்ந்த ஒகஸ்தஸ் பேரரசன் கி.பி. 6இல் படையினருக்கெனத் தனித் திறைசேரியொன்றை நிறுவி, வாரிசுரிமைச் சொத்துக்களின் மீது விதித்த 5 வீத வரியினால் அதனை நிரப்பினான். கைவிடப்பட்ட வீரனுக்கு அஞ்சியே அரசு கடனை ஒப்புக்கொண்டது.

இங்கிலாந்தின் வரலாறு மற்றைய இரு கோணங்களையும் காட்டுகின்றது. 1593ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஊனமுற்ற படைவீரரைப் பராமரிக்கும் செலவைத் திருச்சபைப் பங்குகளின் மீது வரியாகச் சுமத்தியது. 1682இல் இரண்டாம் சாள்ஸ் மன்னன் முதிய வீரருக்காகச் செல்சியில் ஓர் இல்லம் அமைக்க அடிக்கல் நாட்டினான். ஆயின், 1815இல் நெப்போலியப் போர்கள் முடிந்து பெருந்தொகையான படையினர் ஒரேகாலத்தில் விடுவிக்கப்பட்டபோது இவ்வேற்பாடுகள் போதியனவாக அமையவில்லை. தொழிலின்றி வீதிகளில் அலைந்தோருள் அவர்களும் பலராயினர். இச்சூழலில் 1824இல் நிறைவேறிய அலைந்துதிரிவோர் சட்டம், திறந்த வெளியில் உறங்குவதையும் பிச்சையெடுப்பதையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. வாட்டர்லூவில் வென்றவன் இலண்டனின் வாயிற்படியொன்றில் உறங்கியமைக்காகச் சிறை செல்லும் நிலை தோன்றிற்று.

இச்சட்டச் சிந்தனை இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. ஆங்கிலேய ஆட்சி சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றது. இலங்கையில் 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்துதிரிவோர் கட்டளைச்சட்டம் அவ்வழியில் வந்ததே. வீடின்மையை வறுமையாகக் காணாது ஒழுங்கீனமாகக் காணும் மனப்பாங்கு நமக்கும் புறம்பானதன்று என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

கல்லறைப் படி

முதலாம் உலகப் போரில் அமெரிக்கச் சாதாரண வீரனொருவன் மாதமொன்றுக்கு 30 டொலர் அளவிலேயே ஊதியம் பெற்றான். அதே காலத்தில் உள்நாட்டுப் போர்த்தளபாடத் தொழிற்சாலைகளில் வேலை செய்தோர் அதனினும் பன்மடங்கு உழைத்தனர். இவ்வேறுபாட்டை ஓரளவு ஈடுசெய்யும்படி வீரர் கோரினர். ஜனாதிபதி கூலிட்ஜ் தமது தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தியபோதும், அதனை மீறிக் காங்கிரஸ் 1924இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. உள்நாட்டுச் சேவைக்கு நாளொன்றுக்கு 1 டொலரும் கடல்கடந்த சேவைக்கு 1.25 டொலரும் என்ற கணக்கில் ஈட்டுத்தொகை நிர்ணயிக்கப்பட்டது.

ஆனால், மிகச் சிறிய தொகைகள் நீங்கலாக, ஏனையவை பணமாக வழங்கப்படவில்லை. 1945இல் முதிர்ச்சியடையும் பத்திரங்களாகவே வழங்கப்பட்டன. வீரன் இடையில் இறப்பின் அவனுடைய வாரிசுகள் அத்தொகையைப் பெறலாம். உயிரோடிருப்பின் அவன் காத்திருக்க வேண்டும். இதனாலேயே வீரர்கள் அதனைக் கல்லறைப் படி என ஏளனமாக அழைத்தனர். இறந்தவனுக்குக் கொடுக்க விரைந்த அரசு உயிரோடிருப்பவனைக் காத்திருக்கச் செய்தது என்பதை அவ்வேளனம் நன்கு உணர்த்தியது.

1929இல் ஆரம்பித்த பொருளாதாரப் பெருமந்தம் இக்காத்திருப்பைத் தாங்கொணாததாக்கியது. 1932இல் அமெரிக்கத் தொழிற்படையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் வேலையற்றிருந்தனர். வாடகை செலுத்த முடியாதோர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பத்திரப் பணத்தை உடனே வழங்கும்படி கோரும் மசோதாவொன்றை ரெக்சாஸ் மாநிலப் பிரதிநிதி றைற் பற்மன் முன்வைத்திருந்தார். இதற்கு ஆதரவு தேடி, ஒறிகன் மாநிலத்தின் போர்ட்லன்ட் நகரிலிருந்து வோல்டர் வோட்டர்ஸ் என்னும் முன்னாட் சார்ஜன்ற் தலைமையில் ஏறத்தாழ 300 பேர் 1932 மே மாதத்திற் புறப்பட்டனர். சரக்குப் புகைவண்டிகளில் ஏறி நாட்டைக் குறுக்கறுத்து அவர்கள் தலைநகரை அடைந்தனர். செய்தி பரவவே, நாடெங்கணுமிருந்து இருபதினாயிரம் வரையிலான வீரர்கள், சிலர் மனைவி மக்களோடும், வாஷிங்டனிற் கூடினர்.

அனகொஸ்ரியா ஆற்றங்கரைச் சதுப்புநிலத்திலே பழைய பலகை, தகரம், பெட்டிக் கட்டை ஆகியவற்றால் குடிசைகள் எழுந்தன. படையொழுங்கில் தெருக்கள் வகுக்கப்பட்டன. நகரப் பொலிஸ் தலைவராயிருந்த பெல்ஹாம் கிளாஸ்போர்ட், தாமும் அப்போரிற் பணியாற்றிய படையதிகாரியாதலின், அவர்களைப் பரிவோடு நடத்தி உணவுக்கும் வழிசெய்தார். அமெரிக்க இராணுவத்திலே கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் வெவ்வேறு பிரிவுகளாக வைக்கப்பட்டிருந்த காலம் அது. ஆயினும், இம்முகாமில் இரு சாராரும் அருகருகே வாழ்ந்தனர். அரசு பிரித்துவைத்தவர்களை வறுமை ஒன்றுசேர்த்தது.

யூன் 15இல் பிரதிநிதிகள் சபை 211க்கு 176 என்ற வாக்குகளால் மசோதாவை ஏற்றது. இரு தினங்களின் பின் செனற் சபை 62க்கு 18 என்ற வாக்குகளால் அதனை நிராகரித்தது. எதிர்த்தோரின் வாதத்தை நாம் புறக்கணித்தல் ஆகாது. வேண்டப்பட்ட தொகை ஏறத்தாழ 240 கோடி டொலர். அது மத்திய அரசின் ஓராண்டு மொத்தச் செலவில் அரைப்பங்களவு. இலட்சக்கணக்கானோர் பசியால் வாடும்போது ஒரு பிரிவினருக்கு மட்டும் முன்னுரிமை அளிப்பது முறையாகுமா என்ற வினாவும் எழுப்பப்பட்டது. இவ்வினாவைக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் நோக்குவோம்.

யூலை 28

தோல்வியின் பின்னரும் பெரும்பாலோர் கலைந்து செல்லவில்லை. ஊர் திரும்புவதற்கான பயணச் செலவை முற்பணமாக வழங்கக் காங்கிரஸ் முன்வந்தது. சிலர் அதனைப் பெற்றுச் சென்றனர். ஏனையோருக்குத் திரும்பிச் செல்ல ஊர் இருந்தது, வீடு இருக்கவில்லை.

யூலை 28இல், அரச கட்டடங்களிற் குடியிருந்தோரை வெளியேற்றும்போது மூண்ட கைகலப்பிலே பொலிசாரின் சூட்டுக்கு வில்லியம் ஹஷ்கா, எரிக் கார்ல்சன் ஆகிய இரு வீரர்கள் இலக்காகி மரணமாயினர். அதே தினம் பிற்பகல், ஜனாதிபதி ஹூவரின் ஆணைப்படி இராணுவம் வரவழைக்கப்பட்டது. படைத்தலைவர் டக்ளஸ் மக்ஆதரின் கீழ்க் குதிரைப்படையும் காலாட்படையும் ஆறு தாங்கிகளும் கண்ணீர்ப்புகையோடு முன்னேறின. ஆற்றைக் கடக்கவேண்டாமென்று ஜனாதிபதி அனுப்பிய பணிப்பையும் மீறி மக்ஆதர் முகாமினுட் புகுந்தார். இரவோடிரவாகக் குடிசைகள் தீக்கிரையாயின. குதிரைப்படையை நடத்தியவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் பற்றன் பின்னாளில் இரண்டாம் உலகப் போரின் பெருந்தளபதியாகப் புகழ்பெற்றார். 1918இல் பிரான்சியப் போர்முனையிலே அவரது உயிரைக் காத்த ஜோ ஆஞ்சலோ என்னும் வீரர், விரட்டப்பட்டோர் பக்கத்தில் நின்றார்.

புரட்சிக்காரரையும் பொய்வேடதாரிகளையுமே அகற்றினோம் என அரசு தரப்பினர் விளக்கமளித்தனர். ஆனால், படைவீரர் நிருவாகத்தின் கணிப்பின்படி வந்திருந்தோரில் 94 வீதத்தினர் உண்மையாகவே படையிற் பணியாற்றியோர். 67 வீதத்தினர் கடல்கடந்து சென்றோர். பொலிசாரின் சூட்டில் இறந்த ஹஷ்கா ஆர்லிங்டன் தேசிய மயானத்திலே படை மரியாதையோடு அடக்கஞ் செய்யப்பட்டார். உயிரோடிருந்தபோது ஒரு குடிசைக்கும் இடந்தர மறுத்த தலைநகரம், இறந்தபின் அவருக்கு நிலையான இடத்தை வழங்கியது.

அவ்வாண்டுத் தேர்தலிலே ஹூவர் படுதோல்வியுற்றார். இந்நிகழ்ச்சி மட்டுமே அதற்குக் காரணமன்று. ஆயினும் அவரது பெயர் அதனோடு பிணைந்துவிட்டது. அடுத்து வந்த றூஸ்வெல்ற் படையை அனுப்பவில்லை, வேலைமுகாம்களில் இடமளித்தார். ஆனால் அங்கும் அவலம் காத்திருந்தது. 1935 செப்ரெம்பர் 2இல் புளோரிடாத் தீவுகளை ஒரு கடும்புயல் தாக்கியபோது, அங்கு வீதியமைப்பில் ஈடுபட்டிருந்த வீரர்களை மீட்க அனுப்பிய புகைவண்டி காலந்தாழ்த்தியே சென்றது. 250க்கும் மேற்பட்ட முன்னாட் படைவீரர் மாண்டனர். ஈற்றில், 1936 ஜனவரியில், றூஸ்வெல்ற்றின் தடுப்பதிகாரத்தையும் மீறிக் காங்கிரஸ் பத்திரப் பணத்தை வழங்கச் சட்டமியற்றியது.

1944க்குப் பின்னர்

இரண்டாம் உலகப் போரிலே ஏறத்தாழ ஒருகோடியே அறுபது இலட்சம் அமெரிக்கர் பணியாற்றினர். அவர்கள் திரும்பும்போது மற்றோர் அனகொஸ்ரியா தோன்றலாகாது என்ற அச்சம் ஆட்சியாளரை ஆட்டிப்படைத்தது. 1944 யூன் 22இல் கைச்சாத்தான படைவீரர் மீளமைப்புச் சட்டம் கல்விச் செலவையும், வீடு வாங்குவதற்கான கடனுக்கு அரச உத்தரவாதத்தையும், வேலையற்றோருக்கு வாரம் 20 டொலர் வீதம் ஓராண்டுவரை உதவியையும் வழங்கியது. 1956 வரையில் ஏறத்தாழ 78 இலட்சம் பேர் இதனாற் கல்வியோ பயிற்சியோ பெற்றனர். உரோமப் பேரரசன் அச்சத்தாற் கற்ற பாடத்தை அமெரிக்கா அவ்வாறே கற்றது.

எனினும், சட்டம் எல்லோரையும் சமமாகச் சென்றடையவில்லை. மிசிசிப்பி மாநிலத்தில் 1947இல் அரச உத்தரவாதத்துடன் வழங்கப்பட்ட 3,229 கடன்களில் இரண்டு மட்டுமே கறுப்பின வீரருக்குக் கிடைத்தன. அனகொஸ்ரியாவில் அருகருகே வாழ்ந்தவர்களைச் சட்டத்தின் நடைமுறை மீண்டும் பிரித்தது. வீடற்ற முன்னாட் படைவீரரில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் கறுப்பினத்தவராயிருக்கும் இக்கால நிலைமையின் வேர்களுள் ஒன்று இங்கே உள்ளது.

வியட்நாம் போரின் பின், 1980களில், வீடற்ற வீரர் மீண்டும் நகரத் தெருக்களிற் காணப்பட்டனர். போர்க்களத்தின் மனவடுவே இதற்குக் காரணம் என்ற கருத்துப் பரவலாயிற்று. மனவடு மெய்யானது, மருத்துவ உலகம் 1980இல் அதனை ஒரு நோயாக முறைப்படி ஏற்றது. ஆனால் அதுவே முழு விளக்கமாகாது. 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கட்டாயப் படைச்சேவை 1973இல் முடிவுற்றபின் தாமாகவே படையிற் சேர்ந்த இளைஞரே, தம் வயதொத்த ஏனையோருடன் ஒப்பிடுமிடத்து, வீடிழக்கும் அபாயத்திற் கூடுதலாக இருந்தனரெனக் காட்டியது. வேறு தொழில் வாய்ப்பின்றிப் படையை நாடியோர் பலர், வெளியேறியபோது குறைந்த ஊதியத்தையும் ஏறிய வாடகையையுமே எதிர்கொண்டனர். 1980களில் மலிவு வீடமைப்புக்கான மத்திய அரசின் ஆதரவு வெட்டப்பட்டது; நகர மையங்களிலிருந்த மலிவான ஒற்றையறை விடுதிகளும் அழிந்தன. போர் ஏற்படுத்திய காயத்தைச் சந்தை ஆழமாக்கியது.

2010 ஜனவரிக் கணக்கெடுப்பிலே 74,087 முன்னாட் படைவீரர் வீடற்றிருந்தனர். 2024 ஜனவரியில் இத்தொகை 32,882 ஆகக் குறைந்தது. வாடகை உதவியையும் மருத்துவ, சமூகப் பராமரிப்பையும் ஒருங்கிணைத்து வழங்கியமையும், திருந்திய பின் வீடு என்ற பழைய நிபந்தனையை விடுத்து முதலில் வீட்டைக் கொடுத்தமையும் இதற்கு முதன்மையான காரணங்களாகும். அதே 2024 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த வீடற்றோர் தொகையோ முன்னைய ஆண்டைவிட 18 வீதத்தால் அதிகரித்து 771,480 ஆயிற்று.

முடிவுரை

இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்கின், 1932இல் எழுந்த வினாவுக்கு விடை கிடைக்கின்றது. ஒரு பிரிவினருக்கு மட்டும் முன்னுரிமை தகுமா என்று கேட்டோர், அக்கேள்வியை மறுப்பதற்கான கருவியாகவே பயன்படுத்தினர். வீரனுக்குக் கொடுக்காது மிச்சம்பிடித்த பணம் பசித்த ஏனையோருக்குச் சென்றதாக வரலாறில்லை. மாறாக, வீரனுக்குரிய கடனை அரசு ஒப்புக்கொண்ட இடத்திலேயே வீடின்மை தீர்க்கக்கூடியதொன்றென்பது நிரூபணமாயிற்று. விதியென்றும் ஒழுக்கக்கேடென்றும் தனிமனித பலவீனமென்றும் கூறப்பட்டது, கூரையும் பராமரிப்பும் வழங்கியபோது பாதிக்கு மேல் குறைந்தது.

படைவீரனுக்குச் சமுதாயம் விசேடமாகக் கடன்பட்டுள்ளது என்பது உண்மை. அவனை அனுப்பியது சமுதாயமே. ஆனால் அவனுக்குப் பயன்பட்ட மருந்து ஏனையோருக்கும் பயன்படும் என்பதை அறிந்தபின், தகுதியுடைய வறியோர், தகுதியற்ற வறியோர் என்ற 1824ஆம் ஆண்டின் பாகுபாட்டை நாம் தொடர்ந்து பேணுவதற்கு நியாயமில்லை. போரைக் கண்ட எந்நாட்டிற்கும் இது பொருந்தும். இறந்தோருக்குக் கல் நாட்டுவது எளிது. உயிரோடிருப்போருக்குக் கூரை அமைப்பதிலேதான் ஒரு சமுதாயத்தின் நன்றியுணர்வு அளக்கப்படுகின்றது.