பதின்மூன்றாம் அட்சரேகையிலிருந்து: சித்தூர், திருப்பதி வட்டாரமும் உலக வரைபடத்தின் உருத்திரிபும்

நிலவரைபடத்தில் நேரும் பிழைகள் இருவகையின. ஒன்று, நிலத்தைச் சரிவர அளக்காமையால் வருவது. மற்றொன்று, உருண்டையான புவியைத் தட்டையான தாளில் விரிப்பதால் வருவது. முன்னதைத் திருத்தலாம், பின்னதை ஓரிடத்திலிருந்து வேறிடத்திற்கு நகர்த்தலாமேயன்றி நீக்க இயலாது. சித்தூர், திருப்பதி வட்டாரம் இவ்விரண்டிற்கும் சான்று தருகிறது.

1801இல் கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானது. சித்தூரும் அதில் அடங்கும். மறு ஆண்டு ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து மேலைக் கடற்கரை வரை விரிந்த முக்கோண அளவை, அந்த அட்சரேகையில் தீபகற்பத்தின் அகலம் 360 மைலே என நிறுவியது. முந்தைய வரைபடங்கள் 400 மைல் எனக் காட்டியிருந்தன. சித்தூரை உள்ளடக்கிய நிலத்துண்டில் நாற்பது மைல் தாளில் மட்டுமே இருந்திருக்கிறது. புதிதாகக் கைப்பற்றிய நாட்டை ஆள்வதற்கு அத்துல்லியம் கம்பெனிக்குத் தேவைப்பட்டது என்பதையும் மறத்தற்கில்லை.

இரண்டாம் வகைப் பிழை அளவைக்குக் கட்டுப்படாதது. 1569இல் மெர்கேட்டர் வரைந்த உலகப்படம் மாலுமிகளுக்கானது. மாறாத திசையில் செல்லும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக அமையும். அவ்வசதிக்குரிய விலையைப் பரப்பளவு செலுத்தியது. திருப்பதியின் அட்சரேகையில் (13.6° வடக்கு) நிலப்பரப்பு சுமார் 6 சதவீதமே பெருக்கப்படுகிறது, 60 பாகையில் நான்கு மடங்காகவும், 75 பாகையில் ஏறத்தாழ பதினைந்து மடங்காகவும் பெருகுகிறது. ஆகவே 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர் கொண்ட இந்தியாவைவிட, சுமார் 21.66 லட்சமே கொண்ட கிரீன்லாந்து பன்மடங்கு பெரிதாகத் தோன்றுகிறது. இந்தியாவிற்குள்ளும் இத்திரிபு உண்டு: லே நகரின் ஒரு சதுர கிலோமீட்டர், திருப்பதியின் ஒரு சதுர கிலோமீட்டரைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெரிதாகப் பதிவாகிறது.

1973இல் ஆர்னோ பீட்டர்ஸ் இதனை ஐரோப்பிய மையச் சார்பாகச் சுட்டி, சம பரப்புப் படமொன்றை முன்வைத்தார். அத்தகைய படத்தை ஜேம்ஸ் கால் 1855இலேயே விளக்கியிருந்தார். அதில் பரப்பு சரியாகிறது. ஆனால் வெப்பமண்டல நிலங்கள் செங்குத்தாக நீள்கின்றன. கோளப் பரப்பைத் திரிபின்றித் தட்டையாக்க முடியாது என்பதற்கான கணித அடிப்படையைக் காஸ் 1827இலேயே தந்துவிட்டார்.

2005 மே 5 அன்று நிலவரைபடப் பணிக்கெனவே உருவான கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அவ்வேவுதளம் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. விண்ணிலிருந்து பெறும் படமும் திரையில் விரியும்போது ஏதேனுமொரு கோட்டுச்சட்டத்திற்கு உட்பட்டே ஆகவேண்டும். இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மெர்கேட்டர் முறையின் ஒரு வடிவத்தையே கையாள்கின்றன. தெருக்களின் கோணம் அதில் பிறழாது. வழி தேடுவோருக்கு அது போதும். நாடுகளின் பரப்பை ஒப்பிட அது உதவாது.

எனவே வரலாற்று மாணவர் வரைபடத்தைச் சான்றாகக் கொள்ளும்போது இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும்: இந்நிலத்தை அளந்தவர் யார், எதற்காக? தாளில் விரித்தவர் எதைக் காத்து, எதை இழந்தார்? லாம்ப்டன் திருத்திய நாற்பது மைல் முதல் வினாவிற்கு உரியது. வகுப்பறைச் சுவரில் இந்தியாவை விஞ்சி நிற்கும் கிரீன்லாந்து இரண்டாவதற்கு உரியது.