வானொலி மாறப் போகிறது என்ற பேச்சு: நேயர் தெரிந்திருக்க வேண்டியவை

கடந்த சில வாரங்களாக எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "எங்கட ரேடியோவை மாத்தப் போறாங்களாம், உண்மையோ தம்பி?" கேட்பவர்களில் பலர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். கடை வைத்திருப்பவர்கள், வீட்டில் தையல் வேலை செய்யும் அக்காமார், அதிகாலையில் கடலுக்குப் போகிறவர்கள். அவர்கள் சொல்லும் வானொலி, எங்கள் மாவட்டத்தைத் தாண்டினால் இரைச்சலாகிவிடும் ஒரு சிறிய பண்பலை.

என்ன மாற்றம் என்பதில் ஆளுக்கொரு கதை. இனி 24 மணி நேரமும் புதிய சினிமாப் பாடல்கள்தான் என்கிறார் ஒருவர். உள்ளூர்க் கலையகத்தை மூடிவிட்டுக் கொழும்பிலிருந்து வரும் ஒலிபரப்பை அப்படியே அஞ்சல் செய்யப் போகிறார்கள் என்கிறார் இன்னொருவர். வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டது என்பது மூன்றாவது கதை. நிலையத்தில் விசாரித்தேன். "எதுவும் முடிவாகவில்லை" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

நிலையத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உறுதியாகாத ஒரு செய்தியால் விளம்பரதாரர்கள் ஒதுங்கினால், முதலில் வேலை இழப்பவர்கள் அங்கே பகுதிநேரமாக வேலை செய்யும் அறிவிப்பாளர்கள்தான். ஆனால் இந்தப் பேச்சு எழுப்பும் கேள்விகள் ஒரு நிலையத்துக்கு மட்டும் உரியவையல்ல. வானொலிகள் ஏன் மாறுகின்றன, ஏன் முன்கூட்டிச் சொல்வதில்லை, நேயருக்கு அதில் ஏதாவது உரிமை உண்டா என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

மாற்றம் மூன்று வகை

வானொலித் துறையில் 'ஃபோர்மட்' என்ற சொல்லை அடிக்கடி கேட்கலாம். ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் எங்களுக்கு அதற்குக் கிடைத்த விளக்கம் எளிமையானது: யாருக்காக ஒலிபரப்புகிறோம், எந்தப் பாடல், எவ்வளவு பேச்சு, பேசுவது யார், எங்கிருந்து பேசுகிறார் என்பவற்றின் கூட்டுத்தான் ஃபோர்மட்.

இதில் பாடல் மாறுவது ஒரு வகை. பழைய பாடல்கள் போய்ப் புதியவை வரும். நேயர்கள் கோபப்படுவார்கள், சிலர் விலகுவார்கள், புதியவர்கள் வருவார்கள். இடம் மாறுவது இரண்டாம் வகை. அலைவரிசை அதே, பெயரும் அதே, ஆனால் குரல் வேறு நகரத்திலிருந்து வரும். உரிமையாளர் மாறுவது மூன்றாம் வகை. அதன் பின்னால் மற்ற இரண்டும் பெரும்பாலும் வந்து சேரும்.

முதலாவதைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது. என் கணிப்பில் சிறிய ஊர்களுக்குப் பாரமானது இரண்டாவதுதான். பாடலை இன்று கைத்தொலைபேசியில் கேட்டுவிடலாம். மரண அறிவித்தல், கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை, நாளை எந்தப் பகுதியில் மின்வெட்டு, வெள்ளத்தால் எந்தப் பாதை மூடப்பட்டிருக்கிறது, கோயில் கொடியேற்றம் எப்போது, கந்தூரி எப்போது என்பவற்றை இன்னொரு நகரத்தின் கலையகம் சொல்லாது. புயல் நேரத்தில் மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும் செயலிழந்த பிறகும் வேலை செய்வது இரண்டு பற்றரி போட்ட ஒரு வானொலிப் பெட்டி. அதில் உள்ளூர்க் குரல் இல்லாவிட்டால் அந்தப் பெட்டியால் பாதிப் பயன்தான்.

நிலையங்கள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதற்கும் காரணம் உண்டு. ஒலிபரப்பியின் மின்கட்டணம், கலையகச் செலவு, சம்பளம் எல்லாம் மாதாமாதம் வரும். உள்ளூர் நிலையத்தின் விளம்பரதாரர் ஊரிலுள்ள புடவைக்கடையும் நகைக்கடையும்தான். சவர்க்காரக் கம்பனியும் தொலைபேசிக் கம்பனியும் நாடு முழுவதற்கும் சேர்த்தே விளம்பரம் கொடுக்க விரும்புகின்றன. ஒரு கலையகத்திலிருந்து பல அலைவரிசைகளுக்குப் பேசினால் செலவு குறைகிறது, பெரிய விளம்பரமும் கிடைக்கிறது. இந்தக் கணக்கைத் தவறென்று சொல்லிவிட முடியாது. அதில் நேயரின் நட்டம் ஏறுவதில்லை என்பதுதான் சிக்கல்.

நேயர் விலகினால் என்ன நடக்கும்?

ஃபோர்மட் மாற்றத்துக்கு நமக்கு மிக நெருக்கமான வரலாறு கடலுக்கு அப்பால் தொடங்கி இலங்கையில் முடிகிறது. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாடல்கள் மக்களின் இரசனையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றுக்கான நேரம் வெட்டப்பட்டது. சாஸ்திரிய சங்கீதம் அந்த இடத்துக்கு வந்தது.

நேயர்கள் முள்ளைத் திருப்பினார்கள். 1950 இல் வர்த்தக சேவையை ஆரம்பித்திருந்த இலங்கை வானொலி, சிற்றலையில் இந்தியா முழுவதும் கேட்டது. அமீன் சயானி 1952 இலிருந்து தொகுத்து வழங்கிய ஹிந்திப் பாடல் நிகழ்ச்சி வட இந்தியாவில் வீட்டுக்கு வீடு ஒலித்தது. தமிழ்நாட்டில் எங்கள் தமிழ்ச் சேவைக்கு இருந்த வரவேற்பைப் பற்றி இங்கே புதிதாகச் சொல்லத் தேவையில்லை. கடைசியில் 1957 ஒக்டோபர் 3 ஆம் திகதி அகில இந்திய வானொலி 'விவித பாரதி' என்ற சேவையைத் தொடங்கி, சினிமாப் பாடலுக்கு மீண்டும் இடம் கொடுத்தது.

நேயர் விலகினால் நிலையம் இறங்கிவரும் என்பது இதிலுள்ள நல்ல செய்தி. ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. விலகிப் போவதற்கு இன்னொரு வானொலியும் இருந்தது. ஒரு மாவட்டத்தின் மரண அறிவித்தலை வாசிக்கும் நிலையம் ஒன்றே ஒன்றுதான் என்றால், அதன் நேயர் எங்கே போவது?

ஏன் முன்கூட்டிச் சொல்வதில்லை?

தனியார் வானொலித் துறையில் மாற்றத்தைக் கடைசி நிமிடம் வரை மறைப்பது பழைய வழக்கம். போட்டி நிலையம் முந்திக்கொள்ளும், விளம்பரதாரர் தயங்குவார், வேலை போகப் போகிறது என்று அறிந்த அறிவிப்பாளர் நேரலையில் ஏதாவது சொல்லிவிடுவார் என்ற பயங்களே காரணம். நியூயோர்க்கின் டபிள்யூ.சி.பி.எஸ். பண்பலை பல ஆண்டுகளாகப் பழைய பாடல்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. 2005 ஜூன் 3 ஆம் திகதி அது அறிவிப்பாளர்களே இல்லாத புதிய வடிவத்துக்குத் திடீரென மாறியது. நேயர்கள் ஏற்கவில்லை. 2007 ஜூலை 12 இல் நிலையம் பழைய பாடல்களுக்கே திரும்பியது.

இதற்கு மாறான அனுபவம் பிரித்தானியாவில் கிடைத்தது. பி.பி.சி.யின் '6 மியூசிக்' என்ற இசை வானொலியை மூடப் போகிறார்கள் என்ற செய்தி 2010 பெப்ரவரி இறுதியில் பத்திரிகையில் கசிந்தது. சில நாட்களில், மார்ச் 2 ஆம் திகதி, பி.பி.சி. அதை உத்தியோகபூர்வமாக அறிவித்தது. ஆனால் அது ஒரு முன்மொழிவுதான். மேற்பார்வைச் சபையாக இருந்த பி.பி.சி. டிரஸ்ட் மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். நேயர்கள் எழுதினார்கள், வீதிக்கு வந்தார்கள். ஜூலை 5 ஆம் திகதி டிரஸ்ட் அந்த முன்மொழிவை நிராகரித்தது. நிலையம் பிழைத்துக்கொண்டது.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு கால அவகாசம். லண்டனில் முடிவுக்கு முன் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. நியூயோர்க்கில் மாறிய பிறகுதான் கோபப்பட முடிந்தது.

சட்டம் யார் பக்கம்?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. நியூயோர்க்கில் டபிள்யூ.என்.சி.என். என்ற சாஸ்திரிய இசை வானொலி 1974 இல் ரொக் இசைக்கு மாறியபோது நேயர்கள் சங்கமாகத் திரண்டார்கள். அடுத்த ஆண்டு நிலையம் பழைய வடிவத்துக்குத் திரும்பியது. ஆனால் பொதுவான கேள்வி தொடர்ந்தது: ஒரு நிலையம் வடிவம் மாறும்போது அரசு ஒழுங்குபடுத்தல் அமைப்பு அதில் தலையிட வேண்டுமா? தேவையில்லை, அதைச் சந்தையே தீர்மானிக்கலாம் என்ற ஆணைக்குழுவின் கொள்கையை 1981 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏற்றது. அங்கே நேயர்கள் தோற்றார்கள்.

இலங்கையில் நேயர் ஒருவர் வென்றிருக்கிறார். இது நம்மில் பலருக்குத் தெரியாது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நடத்திய முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்று 1995 பெப்ரவரியில் திடீரென நிறுத்தப்பட்டது. அதில் தொடர்ந்து பங்கெடுத்துவந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 1996 இல் வந்த தீர்ப்பு அவருக்குச் சாதகமானது. வெறுமனே கேட்பவர் என்ற வகையில் தகவல் அறியும் உரிமை மீறப்பட்டது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. நிகழ்ச்சியில் பங்கெடுக்கும் நேயர் என்ற வகையில், அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை தரும் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று முடிவு செய்தது.

கேட்பவர், பங்கெடுப்பவர் என்ற இந்த வேறுபாடு முக்கியமானது. நிலையத்துக்கு எழுதுபவர், நேரலையில் அழைத்துப் பேசுபவர், நிகழ்ச்சிக்குத் தகவல் தருபவர், மௌனமாகக் கேட்பவரை விடச் சட்டத்தின் முன் வலுவாக நிற்கிறார்.

அடுத்த ஆண்டு, 1997 இல், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அலைவரிசைகள் வரையறுக்கப்பட்ட பொது வளம், அவை பொதுமக்களின் நலனுக்காகப் பயன்பட வேண்டும், அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசாங்கத்திலிருந்து சுயாதீனமாக இருக்க வேண்டும் என்பவை அதில் வலியுறுத்தப்பட்டன. அதன் பின் கால் நூற்றாண்டு கடந்தும் அப்படியொரு சுயாதீன அமைப்பு உருவாகவில்லை. தனியார் நிலையங்களுக்கான அனுமதிப்பத்திரத்தை 1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் அமைச்சர்தான் வழங்கிவந்திருக்கிறார்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. அடிப்படை உரிமை மனு அரச அமைப்பின் நிர்வாகச் செயலுக்கு எதிரானது. கூட்டுத்தாபனத்தின் சேவை என்றால் அந்த வழி உண்டு, ஆனால் ஒரு மாத காலத்துக்குள் போக வேண்டும். தனியார் நிலையம் என்றால் அந்த வழி நேரடியாகத் திறக்காது. 1996 தீர்ப்பை எல்லா நிகழ்ச்சி மாற்றத்துக்கும் நீட்டிவிடவும் முடியாது.

வதந்தியை எப்படி எடைபோடுவது?

முகநூலில் வரும் "நம்பகமான வட்டாரம்" போதாது. நான் பார்ப்பது வேறு அடையாளங்களை. உள்ளூர்ச் செய்தியாளர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகிறதா? காலை நிகழ்ச்சியில் ஊரின் பெயர், நேரம், வானிலை சொல்லப்படுவது குறைகிறதா? நேரலை அழைப்புகள் நின்று, பதிவுசெய்த குரல் கூடுகிறதா? அடுத்த காலாண்டுக்கான விளம்பர முன்பதிவை ஏற்கிறார்களா? உள்ளூர்க் கடைக்காரர்களிடம் கேட்டால் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். இவற்றில் ஒன்று மட்டும் தெரிந்தால் அது தற்செயலாக இருக்கலாம். மூன்று நான்கு சேர்ந்து வந்தால் பேச்சில் ஏதோ இருக்கிறது.

ஒரு அறிவிப்பாளர் விலகினார், ஒரு நிகழ்ச்சியின் நேரம் மாறியது என்பவை தனியே ஒன்றையும் நிரூபிக்காது. அறிவிப்பாளர்களை அழைத்து நச்சரிப்பதிலும் பயனில்லை. அவர்களுக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் சொல்ல முடியாது.

இப்போது செய்யக்கூடியவை

நிலையத்துக்குக் கடிதம் எழுதுங்கள். "மாற்றாதீர்கள்" என்று மட்டும் எழுதுவதை விட, எது வேண்டும் என்று எழுதுவது நல்லது: மரண அறிவித்தல் எத்தனை மணிக்கு, கடல் வானிலை எத்தனை முறை, வெள்ள நேரத்தில் இரவுப் பணியில் உள்ளூரில் யார் இருப்பார். திகதியிட்டு ஒரு பிரதியை வைத்திருங்கள். மீனவர் சங்கம், மரண உதவிச் சங்கம், கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்கள் தங்கள் கடிதத்தலைப்பில் எழுதினால் அதன் எடை வேறு. உள்ளூர் விளம்பரதாரர்களின் கையொப்பம் அதைவிட வேகமாக வேலை செய்யும்.

அடுத்தது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், ஊடக அமைச்சு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு ஆகியவற்றின் தகவல் உத்தியோகத்தர்களிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் எடுக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. வணிக இரகசியம் என்று ஒரு பகுதியை மறைக்கக்கூடும். ஆனால் அனுமதிப்பத்திரம் யார் பெயரில், எந்தப் பிரதேசத்துக்கு, என்ன நிபந்தனைகளுடன் கொடுக்கப்பட்டிருக்கிறது, அதை மாற்ற விண்ணப்பம் வந்திருக்கிறதா என்பவை கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள்.

இந்த நான்கு கேள்விகளையும் எழுதி, அமைச்சுக்கும் ஆணைக்குழுவுக்கும் கடந்த வாரம் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் கிடைத்தாலும், மறுக்கப்பட்டாலும், அதை இதே பக்கத்தில் எழுதுவேன்.