விழுந்தவனைத் தூக்குதல்

கணபதியின் லேத் பட்டறைகளில் ஆளுக்கொரு மெஷின், ஆளுக்கொரு கணக்கு. பக்கத்தில் நிற்பவன் கூட்டாளியல்ல, போட்டியாளன். 2019-இல் நான் வேலை பார்த்த பட்டறையில் ஷிஃப்ட் முடிந்ததும் நாலு பேர் வாசற்படியில் குந்திக்கொள்வோம். பப்ஜி. 2018-இல் செல்போனுக்கு வந்த ஆட்டம்: நூறு பேர் தீவில் குதிக்க, கடைசியில் எஞ்சும் அணிக்கே வெற்றி. அடிபட்டு விழுந்தவனைக் கூட்டாளி தூக்கிவிடலாம். “அண்ணா, உளுந்துட்டேன், தூக்கி உடுங்ணா!” பகலில் யாரும் யாரிடமும் சொல்லாத சொல் இது.

விளையாட்டு அன்றாட வாழ்விலிருந்து விலகி நிற்கும் தனிவெளி என்றார் ஹூய்சிங்கா (1938). எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. உற்பத்தி பிரித்துப்போட்ட கைகளைத்தான் ஆட்டம் மறுபடி கோத்தது. ஆனால் கோத்த நூல் கம்பெனியுடையது. அணிக்கென்று தரப்படும் பணிகள், கெடு வைத்த பரிசுகள் — எல்லாம் இன்னொரு வருகைப் பதிவேடு. தோழமையே இங்கு சரக்காகிறது.

2020 செப்டம்பர் 2-இல் அரசு தடைசெய்த 118 செயலிகளில் அதுவும் ஒன்று. 2021-இல் ஆட்டம் வேறு பெயரில் திரும்பியது. நாங்க நாலு பேரும் திரும்பிச் சேரவில்லை. ஒரே பட்டறையில் நின்ற நாலு பேர் ஒன்றுசேர எங்கோ உள்ள ஒரு கம்பெனி ஏன் தேவைப்பட்டது? தடையைவிட எனக்கு உறுத்துவது இந்தக் கேள்விதான்.