சூரியனுக்கு முதுகைக் காட்டு: காலாவதியான ஒரு விதியின் கதை

"போட்டோ எடுக்கும்போது சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கணும்." இதை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அப்பா, மாமா, கல்யாண போட்டோகிராபர்... யாரோ ஒருவர். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இந்த விதி எங்கே பிறந்தது, எப்போது செல்லாக்காசானது என்று பார்க்க, அமெரிக்கச் சிறுவர்களின் கால்பந்து மைதானத்தைவிட நல்ல இடம் இல்லை. கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீர்கள் :)

1900-ல் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனி பிரௌனி என்ற பெட்டிக் கேமராவைக் கொண்டுவந்தது. விலை 1 டாலர், ஃபிலிம் 15 சென்ட். (காமர்ஸ் மாணவனாக இதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. கேமராவை மலிவாக விற்று, லாபத்தை ஃபிலிமில் எடுப்பது!) அதன் லென்ஸ் சின்னது, ஃபிலிம் மந்தம். நேர் வெயில் முகத்தில் விழுந்தால்தான் படம் தேறும். அதனால் சூரியன் முதுகுப் பக்கமோ தோள் பக்கமோ இருக்கட்டும் என்று கோடக் கையேடுகள் சொல்லிக்கொடுத்தன. அப்போது அது நியாயமான அறிவுரை.

இனி 1964. கலிஃபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் ஒன்பது அணிகளோடு அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு தொடங்கியது. பையன் ஆடுகிறான், அப்பா கேமராவோடு கோட்டருகே நிற்கிறார். உள்ளே கோடக்ரோம் 2 ஃபிலிம், வேகம் ஏஎஸ்ஏ 25.

நல்ல வெயிலுக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. அப்பெர்ச்சர் எஃப் 16 என்றால் ஷட்டர் வேகம் ஃபிலிம் எண்ணில் ஒரு பங்கு. இங்கே 1/25 நொடி. ஓடுகிற பையன் அதில் வெறும் கலங்கலாகத்தான் தெரிவான். பந்தை உதைக்கும் காலை உறைய வைக்க 1/500 நொடி வேண்டும். அப்பெர்ச்சரை எஃப் 4 வரை திறந்தாலும் 1/400 தான் கிடைக்கும். சாதாரணமாக வாங்கக்கூடிய 200 எம்எம் லென்ஸ் அதற்கு மேல் திறக்காது. அதாவது கல்லாவில் கடைசிக் காசும் செலவாகிவிட்டது. இந்த நிலையில் பையன் சூரியனுக்கு முதுகைக் காட்டினால், நிழலில் இருக்கும் அவன் முகத்துக்குச் சுமார் நான்கு மடங்கு வெளிச்சம் தேவை. ஷட்டர் 1/100-க்கு இறங்கிவிடும். படம் போச்சு. ஆக அப்பாவுக்கு வேறு வழியே இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பாதி முகம் வெளுத்து, மூக்குக்குக் கீழே கறுப்பாக... அந்தப் படம்தான் ஆல்பத்துக்குப் போனது.

1976-ல் ஃபியூஜியும் 1977-ல் கோடக்கும் ஏஎஸ்ஏ 400 கலர் நெகட்டிவ் ஃபிலிமைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 25-க்கு 16 மடங்கு! பையனுக்குப் பின்னால் சூரியன் இருந்தாலும் அதே எஃப் 4-ல் 1/1000 நொடி தாராளமாகக் கிடைக்கும். விதியின் காரணம் அன்றே செத்துவிட்டது என்பது என் கருத்து.

ஆனால் விதி சாகவில்லை. குற்றவாளி, கேமராவின் தானியங்கி ஒளி அளவி. பின்னணி பளிச்சென்று இருப்பதைப் பார்த்து அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கரியாகிவிடும். "பார், சொன்னேன் இல்லையா" என்பார்கள். 1985-ல் மினோல்டா 7000 ஆட்டோஃபோகஸைக் கொண்டுவந்தது. 2003-ல் கேனான் 300டி, 1000 டாலருக்குள் டிஜிட்டல் எஸ்எல்ஆர் கொடுத்தது. பின்பக்கத் திரையில் உடனே படம் தெரிய, எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டிப் பார்ப்பதற்கு ஃபிலிம் செலவே இல்லை என்றானது. முகம் முழுக்க ஒரே மென்மையான நிழல், தலைமுடி ஓரத்தில் மட்டும் ஒளிக்கோடு, கண் நன்றாகத் திறந்திருக்கும். வானம் வெளுத்துப் போகும்தான். பின்னால் மரங்கள் இருக்கிற மூலையாகப் பார்த்து உட்கார்ந்தால் அந்தத் தொல்லையும் குறையும்.

இதெல்லாம் காலை, மாலை ஆட்டங்களுக்கு. உச்சி வெயிலில் எந்தப் பக்கம் நின்றாலும் கண்குழி இருட்டுதான். பையன் அண்ணாந்து பார்க்கும் நொடியில் மட்டும் முகத்தில் வெளிச்சம் விழும். முன்பு அதற்குத் தலையால் பந்தை முட்டும் காட்சி இருந்தது. 2015 நவம்பரில் அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம், 10 வயதுக்கு உட்பட்டவர்கள் தலையால் முட்டக்கூடாது என்று அறிவித்துவிட்டது. அவர்களை எடுக்க, உயரே வரும் பந்தை நெஞ்சில் வாங்கும் வரை காத்திருக்க வேண்டும்.