தனிமரம் தோப்பாகுமா? ஜொகூர் காற்பந்தும் ஆசியத் தரவரிசையும்

தனிமரம் தோப்பாகாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மலேசியக் காற்பந்தைப் பார்க்கும்போது இந்தப் பழமொழிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஜொகூரில் ஒரு மரம் ஓங்கி வளர்ந்து ஆசியா முழுவதும் தெரிகிறது. அதன் பெயர் ஜொகூர் டாருல் தாக்சிம், சுருக்கமாக ஜேடிடி. அதைச் சுற்றியுள்ள தோட்டம் எப்படி இருக்கிறது? ஒரே ஒரு கிளப் உயர்ந்துவிட்டால் ஒரு நாட்டின் லீக் உயர்ந்துவிடுமா? இதுதான் கேள்வி.

நேயர்களே, வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

ஆசியக் கிளப் போட்டியில் மலேசியாவின் தடம் இன்று நேற்று பதிந்ததல்ல. 1967இல் முதன்முதலாக நடந்த ஆசியக் கிளப் வெற்றியாளர் போட்டியில் சிலாங்கூர் இறுதியாட்டம் வரை சென்றது. பேங்காக்கில் நடந்த அந்த ஆட்டத்தில் இஸ்ரேலின் ஹாப்போவெல் தெல் அவிவ் கிளப்பிடம் 1-2 என்று தோற்றது. அதன் பிறகு ஒரு மலேசியக் கிளப் ஆசியக் கிண்ணத்தைத் தொடுவதற்கு 48 ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் ஜொகூர் மாநிலம் உள்நாட்டோடு நின்றுவிட்டது. 1985இல் மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1991இல் லீக் பட்டம், மலேசியக் கிண்ணம் இரண்டையும் சேர்த்தே வென்றது. பிறகு நீண்ட வறட்சி. 2012இல் துங்கு இஸ்மாயில் சுல்தான் இப்ராஹிம் மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் தலைமைக்கு வந்தார். பல அணிகளாகச் சிதறிக் கிடந்த பணமும் ஆட்களும் ஒரே அணிக்குத் திருப்பப்பட்டன. 1972இல் தோன்றிய பழைய ஜொகூர் எஃப்சி கிளப், 2013இல் ஜேடிடி என்ற புதுப் பெயருடன் களம் கண்டது. 2014இல் போஜான் ஹோடாக் பயிற்சியில் முதல் சூப்பர் லீக் பட்டம் கிடைத்தது. அன்று தொடங்கி 2024-25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை அதே கிளப்தான் வெற்றியாளர்.

டுஷான்பேயில் ஒரு மாலை

2015 அக்டோபர் 31ஆம் நாள் தஜிகிஸ்தான் தலைநகர் டுஷான்பேயில் ஏஎஃப்சி கிண்ண இறுதியாட்டம் நடந்தது. சொந்த மண்ணில் விளையாடிய இஸ்திக்லோல் கிளப்பை 1-0 என்று ஜேடிடி வீழ்த்தியது. கோலடித்தவர் அர்ஜெண்டினாவின் லியண்ட்ரோ வெலாஸ்குவெஸ். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அணித்தலைவர் சஃபிக் ரஹிமுக்குக் கிடைத்தது. அக்கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசியக் கிளப் ஜேடிடிதான். நம்மவர் எஸ். குணாளனும் அந்த ஆண்டின் குழுவில் இருந்தார் என்பது தமிழ் ரசிகர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

அதிர்ஷ்டமும் அந்த ஆண்டு கை கொடுத்ததை மறைக்க வேண்டியதில்லை. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் குவைத்தின் அல் காட்சியாவிடம் ஜேடிடி தோற்றிருந்தது. குவைத் காற்பந்துச் சங்கத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்ததால், இரண்டாவது ஆட்டம் நடக்காமலேயே ஜேடிடி இறுதிக்குச் சென்றது. ஆனால் இறுதியாட்டத்தை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. அந்நிய மண்ணில் ஆடித்தான் வென்றது.

பெரிய மேடை

ஏஎஃப்சி கிண்ணம் இரண்டாம் நிலைப் போட்டி. முதல் நிலை என்றால் அது ஆசிய வெற்றியாளர் லீக்தான். அதன் குழுச் சுற்றில் விளையாடிய முதல் மலேசியக் கிளப் என்ற பெயரை ஜேடிடி 2019இல் பெற்றது. அந்த ஆண்டு மே மாதம் லார்க்கின் அரங்கில், முந்தைய ஆண்டின் ஆசிய வெற்றியாளரான ஜப்பானின் காஷிமா அன்ட்லர்ஸை 1-0 என்று தோற்கடித்தது. 2020இல் கோவிட் கட்டுப்பாடுகளால் கத்தாருக்குப் பயணம் செய்ய அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் போட்டியிலிருந்து வெளியேற நேர்ந்தது. அதுவரை ஆடிய ஆட்டங்களின் முடிவுகளும் கணக்கில் சேரவில்லை.

2022 ஏப்ரலில் குழு ஆட்டங்கள் ஜொகூரிலேயே நடந்தன. 2020இல் ஆசியப் பட்டம் வென்றிருந்த தென்கொரியாவின் உல்சானை ஜேடிடி இரண்டு முறையும் 2-1 என்று வென்றது. ஜப்பானின் கவாசாகியிடம் ஒரு ஆட்டத்தில் 0-5 என்று அடிபட்டும், 13 புள்ளிகளுடன் குழுவில் முதலிடம் பிடித்தது. ஆனால் ஆகஸ்டில் ஜப்பானில் நடந்த அடுத்த சுற்றில் உராவா ரெட்ஸ் கிளப்பிடம் 0-5 என்று தோற்றது.

2024-25இல் போட்டியின் அமைப்பு மாறியது. 'எலிட்' என்ற முதல் நிலையில் மொத்தம் 24 கிளப்புகள் மட்டுமே. அதில் ஜேடிடி கிழக்கு மண்டலத்தில் மூன்றாவதாக வந்தது. தென்கொரியாவின் போஹாங்கை 5-2 என்று வென்றது. இருந்தும் 16 அணிகளின் சுற்றில் தாய்லாந்தின் புரிராம் யுனைடெட்டிடம் மொத்தம் 0-1 என்று வீழ்ந்தது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. எந்த நாட்டுக்கு எத்தனை இடம் என்பதை ஒரு கிளப்பின் புகழ் தீர்மானிப்பதில்லை.

ஐரோப்பாவில் ஒரு நாட்டின் கிளப்புகள் அந்தப் பருவத்தில் எடுத்த புள்ளிகளை முதலில் கூட்டுகிறார்கள். பிறகு, போட்டியில் கலந்துகொண்ட அந்நாட்டுக் கிளப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். ஐந்து பருவங்களின் கூட்டுத்தொகையே தரவரிசை. ஒரு கிளப் 20 புள்ளி எடுத்து, உடன் சென்ற மற்றொன்று வெறுங்கையுடன் திரும்பினால், நாட்டின் கணக்கில் 10 புள்ளிதான் ஏறும். அண்ணன் சம்பாதித்ததைத் தம்பியின் பெயரிலும் பங்கு போடும் குடும்பக் கணக்குதான் இது.

ஆசியாவில் புள்ளி வழங்கும் விதம் சற்று வேறு. இரண்டாம் நிலைப் போட்டியில் கிடைக்கும் வெற்றிக்கு மதிப்பு குறைவு. கிழக்கு, மேற்கு என்று மண்டலம் பிரித்துத்தான் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஜப்பான், தென்கொரியா, சீனா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து ஆகியவற்றோடு மலேசியா முட்டி மோத வேண்டும். ஒரு காலத்தில் தேசியக் குழுவின் ஃபிஃபா தரவரிசைக்கும் ஒரு பங்கு இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. ஆகவே, இன்று பாரம் முழுவதும் கிளப்புகளின் தோளில்தான்.

ஐரோப்பா சொல்லும் பாடம்

நார்வேயின் ரோசன்போர்க் கிளப் 1992 முதல் 2004 வரை தொடர்ந்து 13 முறை லீக் பட்டம் வென்றது. எட்டுப் பருவங்கள் இடைவிடாமல் ஐரோப்பிய வெற்றியாளர் லீக்கின் குழுச் சுற்றில் ஆடியது. 1996 டிசம்பரில் இத்தாலியின் ஏசி மிலானை மிலான் நகரிலேயே 2-1 என்று வென்றது. ஆனால் அந்த ஒரு கிளப் தளர்ந்தபோது, நார்வேயின் பெயரும் பெரிய மேடையிலிருந்து மங்கியது.

அதே நார்வேயில் இன்னொரு கதையும் உண்டு. ஏறக்குறைய 50,000 பேர் வாழும் வடதுருவப் பகுதி நகரம் போடோ. அதன் கிளப்பான போடோ கிளிம்ட் 2024-25இல் யூரோப்பா லீக் அரையிறுதிக்குச் சென்றது. ஐரோப்பியக் கிளப் போட்டியில் ஒரு நார்வே அணி அவ்வளவு தூரம் போனது அதுவே முதல் முறை. ஆனால் உள்நாட்டில் 2022இல் மோல்டே பட்டம் வென்றது. 2025இல் வைக்கிங் வென்றது. வீட்டில் போட்டி கடுமையாக இருந்ததால்தான் வெளியில் பயமில்லாமல் ஆட முடிந்தது என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா?

குற்றம் யார் மேல்?

ஜேடிடி மற்றவர்களை விழுங்கிவிட்டது என்பது ஒரு தரப்பின் வாதம். பணமும் நல்ல ஆட்டக்காரர்களும் ஒரே இடத்தில் குவிந்தால் மற்ற கிளப்புகள் எப்படி எழும் என்று கேட்கிறார்கள். ஒழுங்காக நிர்வகிப்பவனைக் குறை சொல்லலாமா என்பது மறுதரப்பின் வாதம். 2020இல் இஸ்கந்தர் புத்ரியில் திறக்கப்பட்ட 40,000 இருக்கைகள் கொண்ட சுல்தான் இப்ராஹிம் அரங்கை அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் நிலவரம் கவலை தருகிறது. இரண்டாம் நிலை லீக்கான பிரிமியர் லீக் 2022 பருவத்தோடு நின்றுபோனது. 2025-26 பருவத்துக்கு முன் பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் விலகின. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. மாநில அரசின் மானியத்தையே நம்பி வாழ்ந்த கிளப்புகள் சொந்தக் காலில் நிற்கப் பழகவில்லை. சம்பள பாக்கிச் செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. ஒரு கிளப் மூடப்பட்டால் இழப்பு தரவரிசைக்கு மட்டுமல்ல. ஈப்போவிலோ அலோர் ஸ்டாரிலோ காலணி கட்டிக்கொண்டு கனவு காணும் ஒரு பையனுக்கு, அவன் எந்த இனத்தவனாக இருந்தாலும், ஏறிச்செல்ல வேண்டிய படிகளில் ஒன்று உடைந்துபோகிறது.

நம்பிக்கை அற்றுவிடவில்லை. 2022இல் கோலாலம்பூர் சிட்டி கிளப் ஏஎஃப்சி கிண்ண இறுதியாட்டத்தை எட்டியது. புக்கிட் ஜாலிலில் ஓமானின் அல் சீப்பிடம் 0-3 என்று தோற்றாலும், ஜேடிடி அல்லாத ஒரு மலேசியக் கிளப்பும் ஆசிய இறுதிக்குப் போகலாம் என்று காட்டியது. அதன் பயிற்றுநர் யார் தெரியுமா? 2014இல் ஜேடிடிக்கு முதல் பட்டம் வாங்கித் தந்த அதே ஹோடாக்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரின் லயன் சிட்டி செய்லர்ஸ், 2025 மே மாதம் ஆசிய வெற்றியாளர் லீக் இரண்டாம் நிலையின் இறுதியாட்டத்தில் ஷார்ஜாவிடம் 1-2 என்று தோற்றது. சிறிய லீக்கிலிருந்து ஒரு கிளப் பெரிய இடத்துக்குப் போவது முடியாத காரியமல்ல. அதற்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது கிளப் எழுவதுதான் கடினம்.

ஆகவே தீர்ப்பு இதுதான். ஜொகூர் மரத்தை வெட்டிச் சாய்ப்பதால் பக்கத்து மரங்கள் வளர்ந்துவிடப் போவதில்லை. கையில் உள்ள காசுக்கேற்பக் குழுவை அமைப்பது, சம்பளத்தை மாதம் தவறாமல் கொடுப்பது, இளையோர் பயிற்சியைக் கைவிடாமல் இருப்பது ஆகிய மூன்றையும் மற்ற கிளப்புகள் செய்தே தீர வேண்டும். செய்யாத கிளப்புக்கு உரிமம் தரக்கூடாது. வகுத்து வரும் கணக்கில் ஒருவர் மட்டும் ஓடினால் போதாது. கூட ஓட ஆள் வேண்டும்.