உயிரியல், மருத்துவத் துறைகளில் முனைவர் பட்டம்: பெற்றோரும் மாணவரும் அறிய வேண்டியவை

நமது குடும்பங்களில் உயிரியல் படிப்பு என்றதும் நினைவுக்கு வருவது எம்.பி.பி.எஸ். ஒன்றுதான். நீட் தேர்வில் இடம் கிடைக்காத பிள்ளைகள் விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் என்று ஏதோ ஒன்றில் சேர்கிறார்கள். அத்தோடு கதை முடிந்தது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை எம்.எஸ்ஸி. முடித்து, "பிஹெச்.டி. படிக்கப் போகிறேன்" என்று சொல்லும்போதுதான் கேள்விகள் எழுகின்றன. எத்தனை வருடம்? யார் செலவு செய்வது? கல்யாணம் எப்போது? படித்து முடித்தால் என்ன வேலை? கல்வி வழிகாட்டல் நிகழ்ச்சிகளில் பெற்றோர்கள் நம்மிடம் திரும்பத் திரும்பக் கேட்பவையும் இவைதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆராய்ச்சி என்றால் என்ன?

இளநிலை, முதுநிலைப் படிப்புகளில் பிறர் கண்டறிந்ததை நாம் கற்கிறோம். முனைவர் பட்டப் படிப்பில், இதுவரை யாரும் விடை காணாத ஒரு கேள்விக்கு ஆதாரத்துடன் விடை காண வேண்டும்.

நம் ஊர் உதாரணம் ஒன்றைச் சொல்லலாம். ஒரு காலத்தில் காசநோய் வந்தவரைச் சானடோரியம் எனும் தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். ஓய்வும் ஊட்டமான உணவும் சுத்தமான காற்றும் இல்லாமல் நோய் தீராது என்பதே அன்றைய நம்பிக்கை. ஏழை நோயாளிகளுக்கு அந்தப் படுக்கைகள் போதவில்லை. 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டில் வைத்தும் மற்றொரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் வைத்தும் ஓராண்டு காலம் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். நெருக்கடியான வீடு, குறைவான உணவு என்றிருந்தும் வீட்டில் சிகிச்சை பெற்றவர்கள் ஏறக்குறைய மற்றவர்களுக்கு இணையாகக் குணமடைந்தார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் வசித்தவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை முறையை மாற்றியது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

நோயாளிக்கு ஊசி போடாமலேயே கோடிக்கணக்கானவர்களுக்கு ஆய்வாளர்களால் பயன் தர முடியும் என்பதற்கு இதுவே போதுமான சான்று.

'டாக்டர்' பட்டம் குறித்த ஒரு தெளிவு

முனைவர் பட்டம் பெற்றவரும் பெயருக்கு முன் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர் சிகிச்சை அளிக்க முடியாது. மருந்துச் சீட்டு எழுத முடியாது. அதே நேரம், எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கும் ஆராய்ச்சி வழி திறந்தே இருக்கிறது. எம்.டி., எம்.எஸ். போன்ற மேற்படிப்புகளிலேயே ஆய்வேடு ஒரு பகுதி. தவிர, அறிவியல் துறைகளுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வை எம்.பி.பி.எஸ். பட்டதாரிகளும் எழுதலாம். நோயாளியையும் ஆய்வகத்தையும் ஒருசேர அறிந்தவர்கள் நம் நாட்டில் குறைவு. நமது சமுதாயத்தில் இன்னும் குறைவு.

யார் சேரலாம்? எத்தனை ஆண்டுகள்?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளின்படி, முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண் பெற்றவர்கள் சேரலாம். நான்காண்டு இளநிலைப் பட்டம் படித்தவர்கள் 75 சதவீதம் பெற்றிருந்தால் முதுநிலை இல்லாமலேயே சேரலாம். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி. உள்ளிட்ட பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. எம்.ஃபில். படிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது.

குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டுகள். அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். அதன்பின் மறுபதிவின் மூலம் இரண்டு ஆண்டுகள் வரை நீட்டிப்புப் பெறலாம். செல் வளர்ப்பு, விலங்கு ஆய்வு, நோயாளிகளிடம் மாதிரி சேகரிப்பு ஆகியவற்றைச் சார்ந்த ஆய்வுகள் மூன்று ஆண்டுகளில் முடிவது அரிது. ஐந்து ஆண்டுகள் என்று மனதில் வைத்துக்கொண்டு திட்டமிடுவதே நல்லது.

பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு. தொலைதூரக் கல்வி, ஆன்லைன் வழியில் முனைவர் பட்டம் கிடையாது. அப்படித் தருவதாக யார் விளம்பரம் செய்தாலும் பணம் கட்டி ஏமாற வேண்டாம்.

செலவு யாருடையது?

பெற்றோர்கள் அதிகம் அஞ்சும் இடம் இது. உண்மையில், தேசிய அளவில் தகுதி பெறும் மாணவர் வீட்டிலிருந்து பணம் வாங்க வேண்டியதில்லை. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெறுபவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் வழங்கப்படுகிறது. பணி மதிப்பீட்டுக்குப் பின் அது 42,000 ரூபாயாக உயரும். வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை இந்த உதவித்தொகை உண்டு.

சிறுபான்மை மாணவர்களுக்கென்றே இருந்த மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் நிறுத்தியது. மற்றத் திட்டங்களோடு இது ஒன்றிப்போகிறது என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. நமது பிள்ளைகள் பலருக்கு ஊன்றுகோலாக இருந்த திட்டம் அது. அதை மீட்கக் குரல் கொடுப்பது சமுதாயத் தலைவர்களின் கடமை. மாணவர்களைப் பொறுத்தவரை, போட்டித் தேர்வில் வென்று உதவித்தொகை பெறுவதே இன்று உறுதியான வழி.

தேர்வுகள்

சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் உயிரியல் தாளுக்கு 200 மதிப்பெண். நேரம் மூன்று மணி. பகுதி 'ஏ' பொது அறிவுத்திறன், கணக்கு சார்ந்தது; 15 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். பகுதி 'பி'யில் 35. பகுதி 'சி'யில் 25. 'சி' பகுதியில் ஒவ்வொரு கேள்விக்கும் 4 மதிப்பெண். சோதனை முடிவுகளைக் கொடுத்து அதன் பொருளைக் கேட்பார்கள். மனப்பாடம் அங்கே உதவாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படும்.

இது தவிர, ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் கேட் தேர்வில் உயிரித் தொழில்நுட்பத்துக்கும் உயிர் அறிவியலுக்கும் தாள்கள் உள்ளன. அந்த மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பி.எஸ்ஸி. முடித்த கையோடு எம்.எஸ்ஸி.யையும் பிஹெச்.டி.யையும் சேர்த்துப் படிக்கும் ஒருங்கிணைந்த படிப்புக்கு ஜாம் தேர்வு வழி திறக்கும். ஆகவே, இளநிலை மூன்றாம் ஆண்டிலேயே தயாராகத் தொடங்க வேண்டும்.

சான்றிதழில் கவனம்

தமிழ்நாட்டு முஸ்லிம்கள் பலரிடம் பி.சி.எம். சான்றிதழ் இருக்கும். அது மாநில இட ஒதுக்கீட்டுக்கு உரியது. மத்தியத் தேர்வுகளில் அதைக் காட்டிப் பயனில்லை. உங்கள் பிரிவு மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இடம்பெற்றுள்ளதா என்று பார்த்து, மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்ற குறிப்புடன் தனியே ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். விண்ணப்பிக்கும் கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் கிடைக்காது. வயது வரம்பிலும் கட்-ஆஃப் மதிப்பெண்ணிலும் கிடைக்க வேண்டிய சலுகை ஒரு காகிதத்தால் பறிபோகக் கூடாது.

எங்கே படிக்கலாம்?

சென்னையில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் டாக்டர் ஏ.எல். முதலியார் பெயரிலான அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். படிக்காதவர்களும் மருத்துவ அறிவியலில் நுழைய இது நல்ல வாசல். ஐ.ஐ.டி. சென்னை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைகள், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரியில் ஜிப்மர், அங்கேயே கொசு போன்ற நோய் பரப்பிகளை ஆராயும் மையம் ஆகியவையும் உள்ளன. வெளி மாநிலம் செல்ல முடிந்தவர்களுக்கு பெங்களூரும் ஹைதராபாத்தும் மிகச் சிறந்த இடங்கள்.

நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டிப் பேராசிரியர் முக்கியம். ஐந்தாண்டுகள் அவரோடுதான் பயணம். சேர்வதற்கு முன், அவரிடம் படித்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், ஆய்வுக்கு நிதி இருக்கிறதா என்று அவருடைய தற்போதைய மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பெண் பிள்ளைகள் விஷயம்

ஆய்வுப் படிப்பில் ஆர்வம் காட்டுவோரில் நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் கணிசம். "இருபத்தி மூன்று வயதாகிவிட்டது, இன்னும் ஐந்து வருடமா?" என்ற கேள்வியில் பலருடைய படிப்பு நின்றுவிடுகிறது. விதிமுறைகள் இதற்கு இடம் கொடுத்தே இருக்கின்றன. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் தளர்வு உண்டு. ஆக மொத்தம் பத்து ஆண்டுகள் வரை போகலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பும் உண்டு. கல்யாணமா, படிப்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டியதில்லை. சம்பந்தம் பேசும்போதே படிப்பைத் தொடர்வது பற்றி வெளிப்படையாகப் பேசி, மாப்பிள்ளை வீட்டாரின் சம்மதத்தைப் பெற்றுவிடுங்கள். நிக்காஹுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட பேச்சு பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை.

விலைக்கு வாங்கும் பட்டம்

ஆய்வேடு எழுதித் தருகிறோம், கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம் என்று பணம் பறிக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற தேசியக் கட்டாயம் 2022 விதிமுறைகளில் நீக்கப்பட்டுள்ளது. தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் அதைக் கேட்கலாம், கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பிறர் எழுத்தைத் திருடுவது குறித்த 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் கடுமையானவை. ஆய்வேட்டில் 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. 40 முதல் 60 சதவீதம் என்றால் ஓராண்டு வரை சமர்ப்பிக்கத் தடை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து. மருத்துவ ஆய்வில் பொய்யான எண் ஒன்றை எழுதினால் அது நோயாளியின் உடலில் போய் முடியும். அமானிதத்தை உணர்ந்த பிள்ளைக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

படித்த பின்?

கல்லூரி ஆசிரியர் பணி மட்டுமே நோக்கம் என்றால் முதலில் நெட் அல்லது செட் தேர்ச்சி பெறுங்கள். 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு அதுவே குறைந்தபட்சத் தகுதி. முனைவர் பட்டம் கட்டாயமில்லை. முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு அரசு ஆய்வகங்கள், மருந்து, தடுப்பூசி நிறுவனங்கள், மருந்துச் சோதனை அமைப்புகள், வெளிநாடுகளில் முதுமுனைவர் ஆய்வு என்று வாய்ப்புகள் உண்டு. ஆனால் பட்டம் கையில் வந்த மறுநாளே நிரந்தர வேலை என்று எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று ஆண்டுகள் தற்காலிகப் பணியில் இருக்க நேரலாம். இதை முன்கூட்டியே அறிந்த குடும்பம் பிள்ளையைக் குத்திக்காட்டாது.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

பல ஜமாஅத்துகள் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவுகின்றன. நல்ல விஷயம். அதோடு, நெட் தேர்வுக்குத் தயாராகும் ஓராண்டு காலத்தில் மாணவருக்குக் கைச்செலவும் புத்தகமும் கிடைக்கச் செய்தால், அடுத்த ஐந்தாண்டுகளுக்கு அரசின் உதவித்தொகையே அவரைத் தாங்கும். ஊரில் ஏற்கனவே முனைவர் பட்டம் முடித்தவர் ஒருவர் இருந்தால், விடுமுறையில் அவரை அழைத்து மாணவர்களோடு ஒரு மணி நேரம் பேச வையுங்கள். பெற்றோர்களையும் உடன் உட்கார வையுங்கள். பிள்ளைகளைவிட அவர்களிடம்தான் கேள்விகள் அதிகம் இருக்கும். இன்ஷா அல்லாஹ், அந்தச் சபையிலிருந்து ஒருவராவது ஆய்வகத்துக்குப் போவார்.