துரும்புச் சீட்டும் சுக்கான் சக்கரமும்

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த கரையோரத்தில் உள்ளது கண்டக்குழி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், காற்றாடியைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கும் விளையாட்டுக்காக வெளிநாட்டவர் பலர் இப்பகுதிக்கு வருகின்றனர். அவர்கள் வாழும் நாடுகளில் இன்று பரவலாகக் காணப்படும் ஒரு பழக்கம், காலையில் ஒரு டாரட் சீட்டை எடுத்து, அதிலுள்ள எண்ணையும் உருவத்தையும் கொண்டு அன்றைய நாளைப் பற்றிச் சிந்திப்பதாகும். கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் தமிழ் இளையோரையும் இப்பழக்கம் எட்டியிருக்கிறது. நாளிதழில் ராசிபலனைத் தேடிப் படித்த தலைமுறைக்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஆனால் சீட்டும் எண்ணும் சக்கரமும் நமது கரைக்குப் புதியவை அல்ல. அவற்றின் வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத கசப்பான பக்கங்களும் உண்டு.

டாரட் சீட்டுகள் பண்டைய எகிப்தியக் குருமார்களின் இரகசிய நூல் என்று பலர் நம்புகின்றனர். இந்த நம்பிக்கையை 1781 ஆம் ஆண்டில் பரப்பியவர் குர் தெ ஜெபலன் என்ற பிரெஞ்சுக்காரர். எகிப்தியச் சித்திர எழுத்துகளை எவரும் வாசித்தறியாத காலம் அது. உண்மையான வரலாறு வேறு. விளையாட்டுச் சீட்டுகள் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் உலகிலிருந்து 14 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவை அடைந்தன. 15 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலியர் அவற்றோடு தனிப் படங்கள் கொண்ட 22 சீட்டுகளைச் சேர்த்தனர். மொத்தம் 78 ஆயிற்று. அது சூதாடவும் பொழுதுபோக்கவும் பயன்பட்ட ஆட்டம் மட்டுமே. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள் சென்ற பின்னரே அதற்குச் சோதிட வேடம் அணிவிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் அறியப்பட்ட படங்கள், ஆர்தர் எட்வர்ட் வெயிட்டின் எண்ணப்படி பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி வரைந்து 1909 இல் இலண்டனில் வெளிவந்தவை.

அந்த 22 சீட்டுகளுக்கு இத்தாலியர் முதலில் வழங்கிய பெயர் ‘திரியோன்ஃபி’. வெற்றிச் சீட்டுகள் என்பது பொருள். மற்றைய சீட்டுகளை வெல்லும் ஆற்றல் அவற்றுக்கு இருந்தது. அச்சொல்லின் வழியிலேயே ஆங்கிலத்தில் ‘ட்ரம்ப்’ என்றும் ஒல்லாந்த மொழியில் ‘த்ரூஃப்’ என்றும் சொற்கள் தோன்றின. ஈழத்தமிழர் சீட்டாட்டத்தில் ‘துரும்பு’ என்பதும், தமிழகத்து அரசியல் விமர்சகர்கள் நாள்தோறும் ‘துருப்புச் சீட்டு’ என்று எழுதுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். டாரட்டின் பழைய பெயரை, டாரட் என்னும் சொல்லையே கேட்டிராத நமது மூதாதையர் திண்ணைகளில் அமர்ந்து சொல்லி வந்திருக்கின்றனர்.

ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டியது 1667 தொடக்கம் 1676 வரையிலான ஆண்டுகளில். கோட்டை இன்றும் நிற்கிறது. அவர்களது சீட்டுச் சொற்களும் நிற்கின்றன. ‘கிளாவர்’ என்பது ஒல்லாந்தரின் ‘க்ளாவர்’. ‘ஆடுதன்’ அவர்களது ‘ஹார்த்தன்’. சிங்களத்தின் ‘இஸ்கோப்ப’ அவர்களது ‘ஸ்கோப்பன்’. இலங்கைத் தமிழரின் விருப்பத்துக்குரிய 304 என்னும் ஆட்டத்தில் பத்தையும் ராஜாவையும் ஜாக்கியும் ஒன்பதும் வெல்லும். இந்த வினோத ஒழுங்கு ஒல்லாந்த ஆட்டங்களிலிருந்து வந்ததென்பது சீட்டாட்ட வரலாற்றாளர்களின் கருத்து. 304 என்ற எண்ணில் மறைபொருள் ஏதுமில்லை. ஒவ்வோர் இனத்திலும் 30, 20, 11, 10, 3, 2 என்று புள்ளிகள், கூட்டினால் 76. நான்கு இனங்களுக்கு 304. அவ்வளவே.

எண்ணுக்கு மறைபொருள் தேடும் மரபும் இக்கரையில் உண்டு. அது அரபுக் கடலோடிகள் வந்த வழியோடு தொடர்புடையது. 1344 இல் இலங்கையில் கரையிறங்கிய இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த ‘பத்தாலா’ என்ற ஊரைப் புத்தளம் என்றே ஆய்வாளர் கொள்கின்றனர். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண் மதிப்பு உண்டு. ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ என்னும் தொடரின் நான்கு சொற்களுக்கும் முறையே 102, 66, 329, 289 என்று மதிப்பிட்டுக் கூட்டினால் 786 வரும். இறைநாமம் எழுதிய தாள் குப்பையில் மிதிபடலாகாது என்ற மரியாதையினால் தென்னாசிய முஸ்லிம்கள் பலர் கடிதத் தலைப்பிலும் கடைப் பலகையிலும் 786 என்று எழுதி வந்தனர். மார்க்க அறிஞர் சிலர் இதனை ஏற்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஒன்பது கட்டங்களில் 4, 9, 2. 3, 5, 7. 8, 1, 6 என்று வரிசையாக நிரப்பினால் எத்திசையில் கூட்டினாலும் 15 கிடைக்கும். அதன் மூலைகளில் நிற்கும் 2, 4, 6, 8 ஆகியவற்றை அரபு எழுத்துகளாக மாற்றிப் பிறந்த ‘புதூஹ்’ என்ற சொல், கடிதங்கள் பத்திரமாகச் சேரவேண்டும் என்பதற்காக மேலுறைகளில் எழுதப்பட்டது. சைவர் வீட்டில் 20 முதல் 28 வரையிலான எண்களைக் கொண்டு 72 வருமாறு போடப்படும் குபேரக் கோலமும் இதே கணக்குத்தான். ஒவ்வோர் எண்ணோடும் 19 கூட்டப்பட்டுள்ளது. திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் பல பகுதிகள் சக்கரங்களைப் பற்றிய பேச்சு. அச்சரக்கூட்டைக் கழுத்தில் கட்டியவர் எந்தச் சமயத்தவர் என்பதை அதனுள்ளிருக்கும் தகட்டை விரித்துப் பார்த்தே அறியவேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது.

ஒருவர் தமக்காக ஓர் எண்ணை வாசிக்கும் வரையில் அதனால் எவருக்கும் கேடில்லை. மற்றவரின் எண்ணை அவரைக் கேளாமலே வாசிக்கத் தொடங்கும்போதுதான் கேடு விளைகிறது. மியன்மாரில் 7, 8, 6 ஆகியவற்றைக் கூட்டினால் 21 வருகிறது என்றும், 21 ஆம் நூற்றாண்டில் நாட்டைக் கைப்பற்ற முஸ்லிம்கள் தீட்டிய திட்டத்தின் குறியீடே அது என்றும் பிரசாரம் செய்யப்பட்டது. அதற்கு எதிராக, புத்தரின் ஒன்பது, தர்மத்தின் ஆறு, சங்கத்தின் ஒன்பது பண்புகளைக் குறிக்கும் 969 என்ற எண் ஓர் இயக்கமாக நிறுத்தப்பட்டது. 2013 மார்ச்சில் மெய்க்திலா நகரில் பலர் கொல்லப்பட்டனர். டாரட்டில் 21 ஆம் சீட்டின் பெயர் ‘உலகம்’, நிறைவைக் குறிப்பது. ஒரே எண் ஓரிடத்தில் நிறைவாகவும் மற்றோரிடத்தில் சதியாகவும் வாசிக்கப்பட்டது. அந்த இயக்கத்தின் முகமாக விளங்கிய விராத்து தேரர் 2014 செப்டெம்பரில் கொழும்புக்கு வந்து பொது பல சேனாவின் மாநாட்டில் உரையாற்றினார்.

2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறு தினத்தில், தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சம் நாட்டைக் கவ்வியது. மூன்று வாரங்களின் பின் புத்தளம் மாவட்டத்துச் சிலாபத்தில், முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் அதிகம் சிரித்தால் ஒரு நாள் அழ நேரும் என்ற பொருளில் முகநூலில் எழுதிய அரைகுறை ஆங்கில வரி, மீண்டுமொரு தாக்குதலுக்கான அறிவிப்பாக வாசிக்கப்பட்டது. கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மறுநாள் அதே மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் கொல்லப்பட்டார்.

அதே மே மாதம் 17 ஆம் திகதி, கண்டி மாவட்டத்து ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவர் அணிந்திருந்த ஆடையில் சக்கரங்கள் அச்சிடப்பட்டிருந்தன. அவை புனிதமான தர்மச்சக்கரம் என்று பொலிஸார் கொண்டனர். உண்மையில் அவை கப்பலின் சுக்கான் சக்கரங்கள். சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டத்தின் கீழ், சிறுபான்மையினரையும் காப்பதற்காக எழுந்த அதே சட்டத்தின் கீழ், அவர் ஜூன் 3 ஆம் திகதி பிணை கிடைக்கும் வரை விளக்கமறியலில் இருந்தார்.

வட்டமும் ஆரங்களும் கொண்ட உருவம் ஒன்றே. பௌத்தருக்கு அதன் எட்டு ஆரங்கள் எண்வகை மார்க்கம். பமீலா ஸ்மித் வரைந்த பத்தாம் டாரட் சீட்டில் எட்டு ஆரங்களோடு சுழல்வது அதிர்ஷ்டச் சக்கரம். கப்பலோட்டிக்கு அது திசை திருப்பும் கருவி. ‘சுக்கான்’ என்ற சொல்லே அரபியிலிருந்து தமிழுக்கு வந்தது. கண்டக்குழி போன்ற கடலோர ஊர்களில் அதனை எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. மலையும் வயலும் சூழ்ந்த ஹசலக்கவில் அது வேறொன்றாகத் தெரிந்தது வியப்பன்று. வெளிப்புறத்துக் கைப்பிடிகளைக் கண்டு, “இது என்ன படம்?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவரது பதிலைச் செவிமடுத்திருந்தால் போதுமாயிருந்தது.

காலையில் சீட்டெடுப்பவர் எடுக்கட்டும், கோலமிடுபவர் இடட்டும். அவற்றின் பொருளை அவர்களே அறிவர். அயலவரின் பலகையில் உள்ள எண்ணையும் ஆடையில் உள்ள உருவத்தையும் பற்றி ஐயம் எழுந்தால், முதலில் அவரிடமே கேட்போம். பல மொழியும் பல சமயமும் கலந்து வாழும் கரைகளில் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம் அதுவே.